அண்ணி வெட்டிய கோட்டு

எங்கள் அண்ணி போட்ட முடிச்சைக் கையால் அவிழ்த்தவர் இந்த வட்டாரத்தில் ஒருவரும் கிடையாது. நகத்தால் நோண்டிப் பார்த்தவர்கள் உண்டு, பல்லால் கடித்துப் பார்த்தவர்கள் உண்டு. கடைசியில் எல்லாரும் கத்தரிக்கோலைத்தான் தேடுவார்கள்.

அண்ணி லாண்டரியில் வேலை பார்த்தவர். தேய்த்து மடித்து வரும் துணியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுப்பது அவருடைய வேலை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் அந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றவர், கடை மூடுகிறவரை அங்கேதான் நின்றார். ‘முடிச்சக்கா’ என்று பெயரே விழுந்துவிட்டது. வீட்டிலும் அதே கைதான். உப்பு ஜாடியை அவர் மூடினால் நாங்கள் திறக்க முடியாது. “பட்டறையில என் சாப்பாட்டு டப்பாவை ஸ்பேனர் வச்சுத்தான் தொறக்கறாங்க” என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அண்ணி சிரித்துக்கொள்வார். மறுநாளும் அதே இறுக்கம்.

கை இறுக்கமே தவிர மனசு அப்படி இல்லை. துணி போட வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “எப்ப வேணா வாங்க. துணி எங்கயும் போகாது.” சொல்வதோடு நிற்க மாட்டார். எந்த லாண்டரியிலும் சில துணிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். போட்டவர் மறந்திருப்பார், ஊரை விட்டுப் போயிருப்பார், ஆளே இல்லாமல்கூடப் போயிருக்கலாம். அந்தத் துணிகளைக் கடையின் பின்பக்க அலமாரியில் அடுக்கி, வெயில் அடிக்கிற நாளில் எடுத்து உதறி, திரும்ப மடித்து வைப்பார். “இது கடையா, அநாதை இல்லமா?” என்று முதலாளி முனகுவார். “வருவாங்க முதலாளி. அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ” என்பார் அண்ணி.

ராத்திரி விளக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிடும்போது எங்கள் குடும்பத்துக்கு வேண்டிக்கொண்ட பிறகு அந்த அலமாரிக்கும் வேண்டிக்கொள்வார். “நீலப் போர்வைக்காரம்மா நல்லா இருக்கணும். அரக்குக் கோட்டுக்காரர் நல்லா இருக்கணும்.” பெயர் தெரியாது. ஆண்டவனுக்கு விலாசம் தெரியும் என்று விட்டுவிடுவார்.

முதலாளிக்கு வயதாகி, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய், கடையை மூடினார்கள். அலமாரித் துணிகளை என்ன செய்வது? எங்கள் தெருக்கோடியில் ஊர்க்காரர்கள் கூடுகிற மன்றம் இருக்கிறது. அதன் பின்கட்டில், முன்னே பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையில், கைவேலைக் கூடம் ஒன்று நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து வேறு ஒன்றாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதுப் பெண் ஒருத்தி அதை நடத்துகிறாள். ஓவியம் படித்தவள். எங்களைவிட வயதில் இளையவளாக இருந்தாலும் எல்லாருக்கும் அவள் ‘டீச்சர்’தான். காலி பாட்டிலில் விளக்கு செய்கிற பழைய எலக்ட்ரீஷியன் ஒருவர் வருவார். அவரைப் பல்புக்காரர் என்போம். கண்டக்டரின் மனைவி கண்டக்டரம்மா, கிழிந்த ரெக்ஸினில் பை தைப்பார். நான் பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்து நூலாக்கிச் சுற்றுவேன்.

முதலாளி அந்தத் துணிகளையெல்லாம் அலமாரியோடு எங்கள் கூடத்துக்கே கொடுத்துவிட்டார். துணிகளோடு அண்ணியும் வந்து சேர்ந்தார், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த தாய் மாதிரி. வருவதற்கு முன்னால் மூடிய கடையின் ஷட்டரில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டு வந்திருந்தார். ‘துணி கேட்டு வருபவர்கள் மன்றத்துப் பின்கட்டுக்கு வரவும்.’ அந்த அட்டை காற்றுக்கும் மழைக்கும் அசையவில்லை. கட்டியது யார்!

ஆனால் அண்ணி யாரையும் கத்தரிக்கோல் வைக்க விடவில்லை. கண்டக்டரம்மா ஒரு திரைச்சீலையைக் கையில் எடுத்தால், “அது டாக்டர் வீட்டுது. அந்தம்மா மாடி வீட்டுக்குக் குடி போனாங்க. திரும்பி வந்தா கேப்பாங்க” என்று வாங்கி மடித்து வைத்துவிடுவார். டீச்சர் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. “அக்கா, உங்க வீட்டுத் துணியில ஆரம்பிங்க” என்று சொல்லி, பின்னல் விரிப்பு போடக் கற்றுக்கொடுத்தாள். பழைய துணியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று கீற்றைச் சடை போலப் பின்ன வேண்டும். அந்தச் சடையை நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே, சுற்றோடு சுற்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். வெளியே போகப் போகக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும். இழுத்துப் பிடித்தால் விரிப்பு தரையில் படுக்காது. ஓரம் தூக்கிக்கொண்டு கிண்ணமாகிவிடும்.

அண்ணியின் முதல் கால்மிதி கிண்ணமாகத்தான் ஆயிற்று. பல்புக்காரர் அதில் தன் பல்புகளைப் போட்டு வைத்துக்கொண்டார். “உடையாம இருக்கு முடிச்சக்கா. இன்னொண்ணு போடுங்க, ஸ்விட்ச் போட்டு வைக்க” என்றார்.

“கையைத் தளர விடுங்கக்கா. துணி ஓடிடாது” என்றாள் டீச்சர்.

“பழக்கதோஷம் டீச்சர். ஓடிடுமோன்னுதான் தோணுது.”

அந்த வருஷம் மன்றத்தில் குழந்தைகள் உட்கார்ந்து படம் வரைய ஒரு மூலை ஒதுக்கினார்கள். அங்கே விரிக்க எல்லாரும் சேர்ந்து பெரிய வட்ட விரிப்பு ஒன்று போடுவது என்று முடிவாயிற்று. அவரவர் வீட்டுத் துணியைக் கொண்டுவந்தோம். நடுவில் என் மகனின் பள்ளிக்கூடச் சட்டை, பிறகு கண்டக்டரம்மா வீட்டுப் படுக்கை விரிப்பு, இப்படி வளர்ந்துகொண்டே போனது. வெளிச்சுற்றுக்குக் கனமான துணி வேண்டும், அப்போதுதான் ஓரம் மடங்காது என்றாள் டீச்சர். எல்லார் கண்ணும் அலமாரியில் தொங்கிய அரக்குக் கோட்டின் மேல் போயிற்று. நல்ல கம்பளித் துணி. உள்ளே கட்டம் போட்ட லைனிங். மேல் பட்டன் ஒன்று மட்டும் வேறு நிறம்.

 அண்ணி கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் பூச்சி அரித்து இரண்டு ஓட்டை விழுந்திருந்தது. அலமாரிக்கு வந்ததிலேயே பழைய துணி அதுதான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உட்கார்ந்து, கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் உட்பையை மட்டும் தனியாக, மூடியோடும் பட்டனோடும் வெட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அது எதுக்கு அண்ணி?” என்றேன்.

“ஒருத்தர் தினமும் கையை விட்ட இடம். அதை எப்பிடிக் கிழிக்கறது?” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பையில் தன் மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டார்.

வெளிச்சுற்று முழுக்க அண்ணியே தைத்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து “தளர, தளர” என்று தாலாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால் விரிப்பு ஒருவழியாகத் தரையில் படுத்தது.

மூலையைத் திறக்கும் நாள் நெருங்கியபோது, ஒரு மத்தியானம், நாங்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெயிலில் கறுத்த முகம், நரைத்த தாடி, கையில் ஒரு தோல் பை.

“லாண்டரி ஷட்டர்ல எழுதியிருந்துச்சு...” என்று இழுத்தார்.

அண்ணி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். “அரக்குக் கலர். உள்ள கட்டம் போட்ட லைனிங். மேல் பட்டன் மட்டும் வேற” என்றார்.

அந்த மனிதர் முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. “அம்மா! ஞாபகம் வச்சிருக்கீங்களே! சீட்டைக்கூடத் தொலைச்சிட்டேன். கப்பல்ல சமையல் வேலைம்மா. ஒரு கப்பல் முடிஞ்சதும் வந்துடலாம்னு போனேன், ஒண்ணு மாத்தி ஒண்ணு இழுத்துக்கிட்டே போயிடுச்சு. இருக்கா? கோட்டு இருக்கா?”

 பல்புக்காரர் தன் காலை மெல்ல விரிப்பின் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

“இருக்கு” என்றார் அண்ணி. பிறகு விரலால் தரையைக் காட்டினார்.

கப்பல்காரர் பார்த்தார். புரியவில்லை. குனிந்து பார்த்தார். புரிந்தது. நின்றபடியே விரிப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “இதை நான் எப்பிடிம்மா தோள்ல போட்டுக்கிட்டுப் போறது?” என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

உட்காரச் சொல்லி டீ கொடுத்தோம். அவர் சொன்னார். கோட்டு அவருடையதே இல்லை, அவருடைய அண்ணனுடையது. ஒரு விசேஷத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். ஓசிக் கோட்டை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று லாண்டரியில் போட்டார். அதற்குள் கப்பலில் கூப்பிட்டுவிட்டார்கள். ‘விற்றுத் தின்றுவிட்டான்’ என்று அண்ணன் சொன்னதாக யாரோ வந்து சொல்ல, இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணனும் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாராம். “வந்தா கோட்டோட வரச் சொல்லு. இல்லேன்னா வாசப்படி மிதிக்க வேணாம்.” ஒரு கோட்டுக்காக இரண்டு பேரும் அத்தனை காலம் பேசவில்லை.

“இப்ப அவனுக்கு முடியலம்மா. காலு ரெண்டும் வீங்கி, நாற்காலியே கதின்னு இருக்கானாம். அண்ணன் மக சொன்னா. சரி, கோட்டைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு முகத்தைப் பாத்துட்டு வந்துடலாம்னு வந்தேன். வெறுங்கையோட போனா வெளிய நிக்க வேண்டியதுதான்.”

அவர் கைகழுவப் போன நேரம் பார்த்துப் பல்புக்காரர் கிசுகிசுத்தார். “முடிச்சக்கா, பூச்சி அரிச்சுப்போச்சுன்னு சொல்லிடுங்க. பொய் இல்லையே. ஓட்டை இருந்துச்சுல்ல?”

“பூச்சி அரிச்சது ரெண்டு ஓட்டை” என்றார் அண்ணி. “மிச்சத்தை அரிச்சது என் கத்தரிக்கோல்.”

கப்பல்காரர் திரும்பி வந்ததும் அண்ணி எழுந்து நின்றார். லாண்டரி மேசைக்குப் பின்னால் நிற்பது மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “துணி எங்கயும் போகாதுன்னு சொல்லித்தான் உங்ககிட்ட வாங்கினேன். நான்தான் பொறுமை இல்லாம வெட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை வாங்க. கோட்டாத் தர முடியாது. ஆனா அந்தத் துணி உங்க அண்ணன் கைக்குப் போய்ச் சேரும். நானும் கூட வந்து சொல்றேன்.”

அவர் போனதும் கண்டக்டரம்மா பிடித்துக்கொண்டார். “என்னக்கா வாக்குக் குடுத்துட்டீங்க? திங்கக்கிழமை மூலையைத் தொறக்கறாங்க. வெளிச்சுத்தைப் பிரிச்சா விரிப்பு அரையாப் போயிடும். நாங்க தச்சதும்தானே இதுல இருக்கு?”

“உங்க தையல்ல கை வைக்க மாட்டேம்மா. என்னோடதை மட்டும் பிரிச்சுக்கறேன்.”

டீச்சர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சின்னதா இருந்தா என்ன? குழந்தைங்களும் சின்னவங்கதானே” என்றாள். அதற்கு மேல் கண்டக்டரம்மாவால் என்ன சொல்ல முடியும்? “அப்ப நானும் ஊசி எடுக்கறேன். நீங்க தனியாப் பிரிச்சா அடுத்த வருஷம்தான் முடியும்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தன் கை முடிச்சை அண்ணி தானே அவிழ்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான். ஊசி முனையைக் கொடுத்து நெம்பினார். நூல் அசையவில்லை. விரல் நுனி சிவந்துவிட்டது. இன்னொரு முடிச்சுக்குப் போனார், அதுவும் அப்படியே. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இப்பிடியா இறுக்குவேன் நான்? ஒருத்தர்கூடச் சொல்லலியே!”

“கல்யாணமான நாள்லேருந்து சொல்லிக்கிட்டுதானே அண்ணி இருக்கோம்.”

“விளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்” என்றார். கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு அவர் கோபமும் போயிற்று.

பிரித்தோம். அரக்குப் பின்னல் நீளமாகத் தரையில் கிடந்தது. அண்ணி அதை வீட்டுக்கு எடுத்துப் போய், நடுவிலிருந்து புதிதாகச் சுற்ற ஆரம்பித்தார். நாற்காலியில் உட்காருகிறவர் கால் வைக்கிற அளவுக்கு ஒரு கால்மிதி. ‘தளர, தளர’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் தைத்தார். ஆனால் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த மனிதரின் முகம் கண்ணிலேயே நின்றது, கை பழையபடி இழுத்துப் பிடித்துக்கொண்டது. தைத்து முடித்துத் தரையில் போட்டார். ஓரம் எழும்பி நின்றது. காலால் மிதித்துப் பார்த்தார். காலை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

“இன்னொரு தடவை பிரிக்க நேரமில்ல” என்றார். “இவ்வளவுதான் என்னால ஆச்சு. மிச்சத்தைப் படைச்சவன் பாத்துப்பான்.”

ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரரோடு அண்ணியும் நானும் போனோம். அண்ணி அந்தக் கால்மிதியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, லாண்டரியில் கட்டுவது போலவே சணலால் கட்டியிருந்தார். பாலத்துக்கு அந்தப்பக்கம், பழைய குடியிருப்பு ஒன்றில் கீழ்த்தளத்து வீடு. கதவைத் திறந்த பெண் சித்தப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

ஜன்னலோரம் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் வெறும் தரையில் இருந்தன. தம்பியைப் பார்த்தார், பார்க்காதது போல முகத்தை அண்ணி பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நீங்க யாரும்மா?”

“லாண்டரியில கட்டுக் கட்டறவ. உங்க கோட்டைக் கொண்டாந்திருக்கேன்.”

“கோட்டா? அதைத்தான் வித்துத் தின்னாச்சே.”

“விக்கலீங்க. போட்ட நாள்லேருந்து அது எங்க அலமாரியை விட்டு நகரல. வெயில்ல போட்டது நான், மடிச்சு வச்சது நான். கடைசியில இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சு வெட்டினதும் நான்தான். தப்பு என்னோடது. அவரைத் திட்டாதீங்க.”

அண்ணி பொட்டலத்தைப் பெரியவர் மடியில் வைத்தார். அவர் அதை உருட்டிப் பார்த்தார்.  காலைப் போலவே வீங்கிய கை, அண்ணியின் முடிச்சு, இந்த வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்குமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அவர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். முடிச்சு சரசரவென்று அவிழ்ந்துகொண்டது. நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காகிதம் விலகியது. பெரியவர் கால்மிதியைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். அரக்குத் துணிக்கு நடுவே கட்டம் போட்ட லைனிங் எட்டிப் பார்த்தது. அதை விரலால் தடவினார்.

“கோட்டுன்னு சொல்லிட்டு என்னம்மா, தொப்பி கொண்டாந்திருக்கீங்க?” என்று அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

அது அவருக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. வாசலிலிருந்து கப்பல்காரர் பொறுக்க முடியாமல், “அண்ணே, அது காலுக்கு!” என்றார்.

“தெரியுதுடா. எனக்குக் கண்ணு இருக்கு” என்றார் பெரியவர்.

 தலையில் கால்மிதியோடு பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி தன் மூக்குக் கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, அந்த உட்பையை அவர் கையில் வைத்தார். பெரியவர் பார்க்காமலே மூடியைத் தூக்கி, இரண்டு விரலை உள்ளே விட்டார். பழகின விரல். “இந்தப் பட்டன் எப்பவும் கொஞ்சம் மக்கர் பண்ணும்” என்றார் தனக்குள். பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார்.

“எவ்வளவு நேரம் வெளிய நிப்பே? உள்ள வந்து கதவைச் சாத்து. காத்து வருது.”

நாங்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது கப்பல்காரர் தரையில் உட்கார்ந்து அண்ணனின் காலைத் தூக்கிக் கால்மிதியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். ஓரம் இரண்டு பக்கமும் எழும்பிப் பாதங்களை அணைத்துக்கொண்டது. “குளிருக்கு இதமாத்தான் இருக்கு” என்று பெரியவர் சொன்னது வாசல்வரை கேட்டது.

திங்கட்கிழமை விரிப்பு அளவில் குறைந்து மூலையில் விரிந்தது. ஓரத்துக்குப் பல்புக்காரர் தன் பழைய காக்கிச் சட்டைகளைக் கொடுத்திருந்தார். குழந்தைகள் அதில் உட்கார்ந்து வரைகிறார்கள். இடம் போதவில்லை என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அலமாரித் துணி எதையும் எடுத்ததும் வெட்டுவதில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலில் ஒரு கொடி கட்டி, அதில் முதலில் தொங்கவிடுகிறோம். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. டாக்டர் வீட்டம்மா ஒரு நாள் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, “அட, என் திரைச்சீலை!” என்று உள்ளே ஓடிவந்தார். யாரும் கேட்காத துணியை அண்ணியே எடுத்து டீச்சரிடம் கொடுக்கிறார். 

நீலப் போர்வை மட்டும் இன்னும் கொடியில் இருக்கிறது. அதன் பக்கம் யாரும் போவதில்லை. சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது அண்ணி அதை எடுத்து உதறி, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கட்டி வைக்கிறார். காலையில் பிரித்துக் கொடியில் போட வேண்டியவரும் அவர்தான் என்பதால், இழுத்தால் வருகிற முடிச்சாகவே போடுகிறார்.